ஏற்றத்தில் நிற்கிற வண்டி

ஆரணி
3 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் கனிமொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். அம்மாவுக்குப் படி ஏறும்போது முழங்கால் வலி, இறங்கும்போது என் மேல் கோபம், மற்றபடி குறையில்லை. நீ அந்த ராமநாதபுரத்து வெயிலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று முகம் சுளிக்காதே. வண்டி, லைசென்ஸ், எஃப்.சி. என்று ஆரணியிலிருந்து எவரும் உனக்குப் போன் செய்யக்கூடாது என்று நீதான் சட்டம் போட்டாய். மோட்டார் வாகன ஆய்வாளர் போட்ட சட்டத்தை மீற முடியுமா? ஆனால் அதில் தபாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் தவளையைப் பற்றியது. நீ பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் நான் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக்கூரை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஃபைபர் உடம்பு. நீ அதில்தான் ஓட்டப் பழகினாய். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. வண்டிக்கு வருகிற நவம்பரோடு பதினைந்து வருஷம் முடிகிறது. சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பாஸ் ஆனால்தான் மேற்கொண்டு ரோட்டில் ஓடலாம். உன் சித்தப்பா முத்துவேல், "எடைக்குப் போட்டுட்டு வேற வேலைய பாருண்ணா" என்கிறான். அவன் எப்போது என்னைப் புரிந்துகொண்டான்?

நான் ஒரு பந்தயம் கட்டுகிறேன். தவளை பாஸ் ஆனால் இந்தப் பொங்கலுக்கு நீ ஊருக்கு வர வேண்டும். போளூர் ஸ்டேஷனுக்கு அதிலேயே வந்து உன்னை ஏற்றிக்கொள்வேன். பாஸ் ஆகவில்லை என்றால் வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்று உன்னை இனிமேல் கேட்கவே மாட்டேன். இரண்டு பொங்கலாக நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், நானும் தலையாட்டினேன்.

சோதனையில் என்னென்ன பார்ப்பீர்கள் என்று மட்டும் எழுது. மிச்சத்தை அப்பா பார்த்துக்கொள்வேன்.

ஆசிகளுடன்,
பச்சையப்பன்


ராமநாதபுரம்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கனி எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். கடிதத்தைப் பார்த்ததும் ஆபீஸில் எல்லோரும் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்கள். அம்மாவை மாடிப்படி ஏறவிடாதீர்கள், துணியை நீங்களே காயப் போடுங்கள்.

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டீர்கள். சரி, தபால் வரலாம், ஆனால் மூன்று நிபந்தனை. ஆரணி ஆபீஸில் என் பெயரைச் சொல்லக்கூடாது. புரோக்கர் கூடாது. சோதிக்கிறவர் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு கூடாது. மூன்றாவதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், புகை எல்லாம் பார்ப்போம். இரும்பில் பொறித்திருக்கிற சேஸ் நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்போம். துரு பிடித்து எழுத்து விழவில்லை என்றால் தகராறு. பிறகு பிரேக். காலால் மிதிக்கிறதும், கையால் இழுக்கிறதும்.

பொங்கலுக்குப் பார்க்கலாம்.

அன்புடன்,
கனி


ஆரணி
25 ஆகஸ்ட் 2025

கனிக்கு அப்பாவின் அன்பு.

மூவரும் நலம். மூன்றாவது ஆள் தவளை.

மெக்கானிக் குணாவை வரவழைத்துவிட்டேன். பானெட்டைத் திறந்தான், உள்ளே எலி குடும்பத்தோடு இருந்தது. அது ஒயரிங் முழுக்கத் தின்று தீர்த்திருக்கிறது. குணா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சார், இதுக்கு எஃப்.சி. காட்ட போறீங்களா, கருமாதி பண்ண போறீங்களா?" என்றான். நான், "நீ ஜல்தியா வேலைய ஆரம்பி, பேச்சுக்கு கூலி கெடயாது" என்றேன். ஒரே வாரம். புது ஒயரிங் போட்டு, இரண்டு ஹெட்லைட்டும் எரிகின்றன. இடது இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடித்தது, அதையும் சரி செய்தாகிவிட்டது.

சேஸ் நம்பரை நானே மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன். பென்சில் தேய்த்தால் கண்ணாடி மாதிரி விழுகிறது. பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துச் சந்தோஷப்படு. துணிக்கூரையை நம் பந்தல்காரர் புதிதாகத் தைத்துத் தருகிறார். கல்யாணப் பந்தல் மாதிரி ஜாலர் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அம்மா வைக்கச் சொன்னாள்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்துவிட்டது. இந்த மாடலுக்கு வேலூரில் இல்லை, சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கிற இடத்திலும் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். அது இல்லாமலும் வண்டி நன்றாகவே நிற்கிறது. நான் எப்போதும் கியரில் போட்டுத்தானே நிறுத்துகிறேன்? இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வார்களா?

பார்க்கலாம் என்பது பதில் இல்லை. பந்தயத்துக்குச் சரியா, இல்லையா?

அப்பா


ராமநாதபுரம்
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா,

நலம். உடனே பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

பெரிய விஷயமா என்று கேட்டீர்கள். ஆமாம். என் வேலையில் இதைவிடப் பெரிய விஷயம் எனக்கு இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

நான் ஆரணிக்கு மாற்று டியூட்டியில் வந்திருந்தபோது சித்தப்பாவின் ஸ்கூல் வேன் சோதனைக்கு வந்தது. ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடச் சொன்னேன். வேன் பின்னால் நகர்ந்தது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. ரிஜெக்ட் என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம் நம் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம், அத்தனை பேருக்கு நடுவே பந்தியில் சித்தப்பா, "கவர்மெண்டு சம்பளம் வாங்கினா சொந்த ரத்தம் கண்ணுக்கு தெரியாதா?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. அவருக்கு வண்டி நின்றுபோன ஆத்திரம்.

நீங்கள் எனக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். "இங்க கொஞ்சம் ரசம்" என்று கேட்டீர்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி ரயில் ஏறினவள்தான். லீவு எல்லாம் எப்போதும் கிடைத்தது அப்பா.

பந்தயத்துக்குச் சரி. பாஸ் ஆனால் வருகிறேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

கனி


ஆரணி
12 அக்டோபர் 2025

கனிக்கு ஆசிகள்.

இங்கே சுகம். தீபாவளிக்கு உனக்கு ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்துக் கலர், அரக்கு பார்டர். நம் தறியில் நெய்தது. யூனிபாரத்தையே கட்டிக்கொண்டு அலையாமல் ஒருநாளாவது உடுத்து.

புகை சர்ட்டிபிகேட் வாங்கியாகிவிட்டது. டயர் நான்கும் புதுசு. வைப்பர் ஒன்று கண்ணாடியைத் துடைக்கிறது, மற்றது சும்மா கூடவே போய்வருகிறது, அதையும் மாற்றிவிடுவேன். கூரை வந்துவிட்டது. ஜாலர் இல்லை.

ஹேண்ட்பிரேக் முடிந்தது. கேபிள் கிடைக்கவில்லை, நானே செய்துவிட்டேன். எதில் என்று கேள். பட்டில்! நல்ல பாவு நூலாக எடுத்து மும்முறுக்கு ஏற்றி, அப்படி மூன்று புரியைச் சேர்த்துப் பின்னி, மேலே ரப்பர் குழாய் மாட்டினேன். விரல் தடிமன்தான் இருக்கும். உத்தரத்தில் கட்டி நானே தொங்கிப் பார்த்தேன். அம்மா திட்டினாள், கயிறு அசையவில்லை. குணா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். போளூர் ரோட்டுப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். தவளை இருந்த இடத்திலேயே இருந்தது.

வேறு விசேஷம் இல்லை. நீ எழுதினதைப் படித்தேன்.

அப்பா


ராமநாதபுரம்
17 அக்டோபர் 2025

அப்பா,

புடவை வந்தது. அழகாக இருக்கிறது. தீபாவளிக்குக் கட்டிக்கொள்கிறேன்.

பட்டுக் கயிற்றை உடனே எடுங்கள். பிரேக்குக்கு இரும்புக் கேபிள்தான். விளையாட்டு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரத்தில் எல்லாம் தொங்காதீர்கள்.

கனி


ஆரணி
24 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அம்மாவுக்கு,

தகப்பன் நலமாகவும் திடமாகவும் இருக்கிறேன். தீபாவளி நன்றாக நடந்தது. அம்மா சுட்ட அதிரசம் இதோடு வருகிறது, தபால்காரர் மிச்சம் வைத்தால் நீயும் சாப்பிடலாம்.

உன் அளவுக்கு எனக்கு இரும்பு தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். என் அளவுக்கு உனக்குப் பட்டு தெரியாது, அதை நீ ஒத்துக்கொள். முப்பது வருஷமாகப் பட்டைத் தொட்டுப் பார்த்தே பிழைக்கிறவன் நான். கட்டினவள் கிழவியாகிற வரைக்கும் உழைக்கிற நூல், ஒரு சின்னக் காரைப் பிடித்து நிறுத்தாதா? எங்கேயாவது எழுதியிருக்கிறதா, பிரேக்கில் பட்டு கூடாது என்று? தபாலைப் பற்றி எழுதவில்லை, இதைப் பற்றியும் எழுதியிருக்க மாட்டீர்கள்.

நவம்பர் நான்காம் தேதி சோதனை. அம்மாவும் பக்கத்து சீட்டில் வருகிறாள். உன் பெயரைச் சொல்ல மாட்டேன், புரோக்கரிடம் போக மாட்டேன், எதிர்த்துப் பேச மாட்டேன். நீ பொங்கலுக்கு டிக்கெட் போட்டு வை.

வெற்றி நிச்சயம் என்று கையெழுத்திடும்,
பச்சையப்பன்


ஆரணி
6 நவம்பர் 2025

கனிக்கு,

நலம். இங்கே மழை.

நான்காம் தேதி வண்டி ஃபெயில். ஹேண்ட்பிரேக் சரியில்லை என்று எழுதிவிட்டார்கள். மற்றதெல்லாம் சரி என்றார்கள். சோதித்தவர் மரியாதையான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சொன்ன சொல் சொன்னதுதான். எடைக்கு எடுக்கிற ஆளை வரச் சொல்லியிருக்கிறேன், மழை விட்டதும் வருவான். பொங்கலுக்கு நீ வர வேண்டிய கட்டாயம் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

குடை எடுத்துக்கொண்டு போ.

அப்பா


ஆரணி
8 நவம்பர் 2025

என் கண்ணு கனிக்கு அம்மா எழுதிக்கொண்டது,

முழங்கால் தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? உங்கப்பா உனக்கு என்ன எழுதினார் என்று கேட்டேன். "ஃபெயில்னு எழுதினேன்" என்றார். அவ்வளவுதானா என்றேன், அவ்வளவுதான் என்றார். அதனால்தான் நான் பேனாவைப் பிடித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்குக் காலையில் வானம் வெளுப்பாக இருந்தது. மழை வராது என்று நம்பித் தெருவில் தறிக்குப் பாவு போட்டிருந்தார்கள். நம் ஷெட் வாசலை மறித்து, தெரு நீளத்துக்கும் நூல். பாவு விரித்துவிட்டால் போலீஸ் ஜீப்பே காத்திருக்கும், உனக்குத் தெரியாததா? உங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டு ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். கூரையை மடித்துவிட்டு, அடியிலே தவளை ஊர்ந்து வெளியே போனது. பச்சைப் பட்டு என் தலைக்கு மேலே போயிற்று. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சோதனை நடக்கிற கிரவுண்டில் எல்லாம் நன்றாகப் போனது. லைட், ஹாரன், நம்பர் எல்லாம் சரி. ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். உங்கப்பா போட்டார். வண்டி நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. "ஓகே சார்" என்று இன்ஸ்பெக்டர் பேப்பரை எடுத்தார். உங்கப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போதுதான் மழை வந்தது. எல்லோரும் அங்கிருந்த ஷெட்டுக்குள் ஓடினோம். வண்டி ஏற்றத்திலேயே நனைந்துகொண்டு நின்றது. அதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய ஸ்கூல் வேன், வரிசையில். அந்த டிரைவர் நம் வண்டிக்குப் பின்னாலேயே மழையிலே குந்தி உட்கார்ந்து வேன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கப்பா வண்டியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது கனி. நான் பயந்து, "இன்னாங்க, மயக்கமா வருதா?" என்றேன்.

அவர் மழையில் இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்து, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டார். அங்கிருந்தே கத்தினார்.

"சார், எழுதாதீங்க! ஃபெயில்னு எழுதுங்க!"

இன்ஸ்பெக்டர் குடையோடு போனார். "ஏன் சார், நல்லாதானே நின்னுகினு இருக்குது?"

"இப்ப நிக்கும். இன்னும் கொஞ்ச நேரம் நனைஞ்சா நிக்காது. உள்ள இருக்கிறது கேபிள் இல்ல சார், பட்டு. நனைஞ்சா நீளும். மழ காலத்துல பாவு தொய்யுறத தெனம் பாத்துகினு இருக்கிறவன் சார் நானு, எனக்கே இது தோணல பாருங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்து அடியிலே பார்த்தார். ரப்பர் குழாயை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பாஸ் போடுங்கன்னு அழுதவங்கள பாத்திருக்கேன். ஃபெயில் போடுங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். சும்மா இருந்திருந்தா எனக்கு தெரிஞ்சே இருக்காதே சார்?"

"நீங்க எழுதி முடிங்க, அப்புறம் சொல்றேன்" என்றார் உங்கப்பா. அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேப்பரைக் கையில் கொடுத்தார். அதை வாங்கின பிறகுதான் சொன்னார். "எம் பொண்ணும் உங்க வேலதான் சார், ராமநாதபுரத்துல. அவ இருந்திருந்தா மழைக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிருப்பா." உன் பெயரை அப்போதும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்கு வராமல் நேரே முத்துவேல் வீட்டு வாசலில் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, நனைந்த சட்டையோடு உள்ளே போனார். முத்துவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இன்னாண்ணா, ஃபெயிலாமே?" என்று சிரித்தான். இவர் நின்றபடியே, "ஆமான்டா, நானே கேட்டு வாங்கினேன். உன் வேன் அன்னிக்கு நகுந்துதா இல்லயா?" என்றார். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். "நகுந்துச்சி. அவ எழுதுனது சரி. பந்தியிலயே நான் சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன், கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எடைக்காரன் இன்னும் வரவில்லை. வந்தால் நான் அவனைச் சும்மா விட மாட்டேன். இது உங்கப்பாவுக்குத் தெரியாமல் போஸ்ட் செய்கிறேன்.

உன் அம்மா,
உண்ணாமலை


ராமநாதபுரம்
13 நவம்பர் 2025

அப்பா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீங்கள் மழையில் நனைந்த உடம்புக்கு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், எடைக்காரனுக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும்.

வண்டியைக் கொடுக்காதீர்கள். பந்தயக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பாஸ் ஆனால் என்று இருக்கிறதே தவிர, முதல் தடவையிலேயே பாஸ் ஆனால் என்று எங்கும் இல்லை. நீங்கள் எழுதாததை நான் எப்படி அமல்படுத்த முடியும்? ஃபெயில் ஆன வண்டியைச் சரி செய்து திரும்பக் கொண்டுவரலாம், அதற்குத்தான் அந்தப் பேப்பரே. சித்தப்பா வேனும் அப்படித்தான் பிறகு பாஸ் ஆகி ஓடுகிறது.

உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது அப்பா. அம்மா எழுதினதைப் படித்துவிட்டு ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். அம்மாவைத் திட்டாதீர்கள்.

இரும்புக் கேபிள். ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள்
கனி


ஆரணி
29 நவம்பர் 2025

அருமை மகள் கனிக்கு,

அப்பா, அம்மா, தவளை மூவரும் பரம சௌக்கியம். மழைக்கு எனக்கு இரண்டு தும்மல், அதோடு சரி. அம்மாவைத் திட்டவில்லை. கனிக்கு என்ன எழுதினாய் என்று அவளைக் கேட்டதற்கு, "நீங்க எழுதாதத எழுதினேன்" என்கிறாள்.

எடைக்காரன் வந்தான். அம்மா அவனுக்கு மோர் கொடுத்து, பழைய பிளாஸ்டிக் குடத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் முத்துவேல் வந்தான். கையில் ஒரு கேபிள் சுருள். அவனுடைய வேனுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்தது. வாசலில் நின்றுகொண்டு, "இது நாலு புள்ள உக்கார்ற வண்டிக்கு இல்ல, வேன் நெறைய புள்ளைங்கள தாங்குற கேபிளு. உன் தவளைய தாங்காதா?" என்றான். நான் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். குணா அளவெடுத்து வெட்டி, இரண்டு முனையிலும் புதுக் கொக்கி அடித்து மாட்டினான். முத்துவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் பிடித்தான். அவன் என் வண்டிக்கு அடியில் படுப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். போகும்போது, "கனி பொங்கலுக்கு வருவாளாண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

இருபத்தாறாம் தேதி மறுபடி கொண்டுபோனேன். அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு உள்ள என்ன சார், காட்டனா?" என்றார். பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நானே கேபிள் மேல் ஊற்றினேன். ஏற்றத்தில் நிறுத்தினேன். அவர் வேறு மூன்று வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் தவளை அங்கேயே நின்றது.

பாஸ் கனி! இன்னும் ஐந்து வருஷத்துக்கு!

தெருவுக்குத் திரும்பினபோது பாவு விரித்திருந்தது. ஹாரன் அடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் நான்கைந்து பேர் ஓடிவந்து தூக்கிப் பிடித்துவிட்டார்கள். இந்தத் தடவை நான் யாரிடமும் கெஞ்சவில்லை.

பட்டுக் கயிற்றை என்ன செய்தேன் என்று கேட்பாய். மாடிக்குப் போகிற படியில் அம்மா பிடித்து ஏறக் கட்டிவிட்டேன். அங்கே மழை படாது. நான் தொங்கிப் பார்த்த கயிறு, அவளைத் தாங்கும்.

இனி உன் முறை. பந்தயம் ஜெயித்தவன் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்கிறேன். வா.

அப்பா


ராமநாதபுரம்
20 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலமாக, சந்தோஷமாக இருக்கிறேன். லீவு கையெழுத்தாகி வரட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே லீவுக்கு அலைந்தேன், சிரிக்காதீர்கள். பத்து நாள் கிடைத்திருக்கிறது.

திருப்பதி போகிற ரயிலில் போகி அன்று காலை போளூரில் இறங்குகிறேன். நீங்கள் அனுப்பிய மயில் கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு வருவேன், கூட்டத்தில் தேட வேண்டாம். தவளையில் இரண்டு பேருக்குத்தான் இடம், அதனால் பெட்டிகளை ஏற்றிக்கொள்ள சித்தப்பாவை வேன் எடுத்து வரச் சொல்லுங்கள். நான் லீவில் இருக்கிறேன், அவர் வண்டியைச் சோதிக்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள். அம்மா வேனில் முன் சீட்டில் வரட்டும்.

இன்னொன்று. ஸ்டேஷன் வாசலில் ரோடு ஏற்றமாக இருக்கும். வண்டியை அந்த ஏற்றத்திலேயே நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை எடுத்துவிட்டு, இறங்கித் தள்ளி நில்லுங்கள். கல் எதுவும் வைக்காதீர்கள். நான் வந்து வண்டிக்குப் பின்னால், முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நிற்பேன். சித்தப்பா அப்படியே ஒரு போட்டோ எடுக்கட்டும்.

உங்கள் மகள்,
கனிமொழி